பதினெட்டாம் சானெட்டும் அதற்கு முந்தைய பதினேழும்

"உன்னை ஒரு கோடைநாளுக்கு ஒப்பிடட்டுமா?" என்று தொடங்கும் ஷேக்ஸ்பியரின் சானெட், ஆங்கிலக் கவிதையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று. பாடநூல்களும் காதல் கவிதைத் தொகுப்புகளும் அதைத் தனியே எடுத்து அச்சிடுகின்றன. திருமண நிகழ்ச்சிகளிலும் அதைத் தனியே வாசிக்கிறார்கள். அப்படி வாசிப்பதில் தவறில்லை, ஏனெனில் பதினான்கு வரிகளுக்குள் தன்னளவில் நிறைவு பெற்றுவிடும் கவிதை அது. ஆனால் 1609இல் வெளிவந்த நூலில் அது தனியே நிற்கவில்லை. 154 சானெட்டுகள் கொண்ட வரிசையில் பதினெட்டாவதாக நிற்கிறது. அதற்கு முன்னுள்ள பதினேழும் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பேசுபவை. அந்தப் பொருள் பதினெட்டாவதில் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறது. மறைந்தது எது, அதன் இடத்தில் வந்து அமர்ந்தது எது என்று பார்த்தால், ஓர் அழகைப் புகழும் பாட்டாக நாம் அறிந்திருந்தது ஒரு நீண்ட வாதத்தின் திருப்புமுனையாகத் தெரியவரும்.

முதலில் வடிவத்தைச் சொல்லிவிடலாம். சானெட் என்பது பதினான்கு வரிகளுக்குள் ஒரு சிந்தனையைத் தொடங்கி, திசை திருப்பி, முடித்துவிடும் கவிதை. 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கின் சிசிலி அரசவையில் பத்திரம் எழுதும் அலுவலராக இருந்த ஜியாகோமோ டா லென்டினி இதை உருவாக்கியதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அடுத்த நூற்றாண்டில் பெட்ரார்க் (1304–1374) இதை இத்தாலியக் காதல் கவிதையின் தலையாய வடிவமாக்கினார். அவருடைய சானெட் எட்டு வரி, ஆறு வரி என இரண்டு பாகமாகப் பிரியும். எட்டில் ஒரு நிலை விரியும். ஒன்பதாம் வரியில் பேச்சு திசை மாறும். அந்தத் திசைமாற்றத்துக்கு இத்தாலியப் பெயர் வோல்டா, அதாவது திருப்பம்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் காலத்தில் தாமஸ் வயட் பெட்ரார்க்கின் சானெட்டுகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அவரைவிட இளையவரான சரே பிரபு ஹென்றி ஹோவர்ட், வடிவத்தையே ஆங்கிலத்துக்கு ஏற்றபடி மாற்றினார். பெட்ரார்க்கின் முறையில் முதல் எட்டு வரிகளையும் இரண்டே இயைபு ஒலிகளைக் கொண்டு முடிக்க வேண்டும். சொல்லிறுதிகள் பெரும்பாலும் உயிரொலியில் முடிந்து ஒன்றுபோல் ஒலிக்கும் இத்தாலியத்தில் அது எளிது, ஆங்கிலத்தில் சிரமம். சரே வகுத்த அமைப்பில் நான்கு வரிக் கண்ணிகள் மூன்றும் இறுதியில் ஈரடி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு கண்ணியிலும் முதல் வரியும் மூன்றாம் வரியும் தமக்குள் இயையும், இரண்டாம் வரியும் நான்காம் வரியும் தமக்குள் இயையும். கடைசி இரண்டு வரிகள் ஒன்றோடொன்று இயையும். ஆக ஏழு இயைபு ஒலிகள். சரே 1547இல் அரசத்துரோகக் குற்றச்சாட்டின்பேரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். பத்தாண்டு கழித்து, 1557இல், ரிச்சர்ட் டாட்டல் வெளியிட்ட தொகுப்பின் வழியாகத்தான் வயட், சரே இருவரின் சானெட்டுகளும் பரவலான வாசகரை அடைந்தன. இன்று ஷேக்ஸ்பியர் சானெட் என்று பெயர் பெற்றிருப்பது இந்தச் சரேயின் வடிவமே; உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் மற்றொருவர்.

ஒவ்வொரு வரியிலும் பொதுவாகப் பத்து அசைகள் இருக்கும். அழுத்தமில்லாத அசையும் அழுத்தமுள்ள அசையும் மாறி மாறி ஐந்து முறை வரும். இதற்கு ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்று பெயர். தமிழ் யாப்பு நேர், நிரை என அசையின் அளவைக் கணக்கில் கொள்ளும். ஆங்கில யாப்பு குரல் ஊன்றும் இடத்தைக் கணக்கில் கொள்ளும். "ஷல் ஐ கம்பேர் தீ டு அ சம்மர்ஸ் டே" என்ற முதல் வரியை வாய்விட்டுச் சொன்னால் "பேர்", "சம்", "டே" ஆகிய இடங்களில் குரல் ஊன்றுவதைக் கேட்கலாம். யாப்பைப் பற்றி இந்தக் கவிதைக்கு இவ்வளவு போதும்.

இனி கவிதை சொல்வதை உரைநடையில் பார்க்கலாம். உன்னை ஒரு கோடைநாளுக்கு ஒப்பிடட்டுமா? அதைவிட உனக்கு அழகு மிகுதி, மிதமும் மிகுதி. மே மாதத்துச் செல்ல அரும்புகளை முரட்டுக் காற்று உலுக்குகிறது. கோடைக்குக் கிடைத்த குத்தகையோ மிகக் குறுகிய தவணைக்கு உரியது. வானத்தின் கண் சில வேளை அளவுக்கு மீறிச் சுடுகிறது. அதன் பொன்முகம் பல வேளை மங்கிப்போகிறது. அழகான எதுவும் ஒருநாள் தன் அழகிலிருந்து இறங்குகிறது. தற்செயலோ இயற்கையின் மாறும் போக்கோ அதன் அணிகளைக் களைந்துவிடுகிறது. ஆனால் உனது நிலைத்த கோடை வாடாது. உனக்குச் சொந்தமான அழகின் உடைமையை நீ இழக்கவும் மாட்டாய். நிலைத்த வரிகளில் காலத்தோடு ஒன்றி நீ வளரும்போது, தன் நிழலில் நீ அலைவதாக மரணம் பீற்றிக்கொள்ளவும் முடியாது. மனிதர் மூச்சுவிடும் வரை, கண்கள் காணும் வரை, இது வாழும்; இது உனக்கு உயிர் தரும்.

இங்கே கோடை என்பதை நம் ஊர் வெயிலாக எண்ணிவிடக் கூடாது. லண்டன் வடக்கே 51 பாகைக்கு மேல் இருக்கும் நகரம். அங்கே குளிர்காலம் நீண்டது, இருட்டானது. கோடை மிதமானது, எல்லோரும் காத்திருந்து வரவேற்பது. எனவே ஒருவரைக் கோடைநாளுக்கு ஒப்பிடுவது அங்கே உயர்ந்த புகழ்ச்சி. மே இளவேனில் மாதமாயிற்றே, கோடையைப் பேசும்போது அதன் அரும்புகள் ஏன் வருகின்றன என்று ஐயம் எழலாம். இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது; ஷேக்ஸ்பியர் காலத்தில் அது இன்றைய நாட்காட்டிக்குப் பத்து நாள் பின்தங்கியிருந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து மே, இன்றைய கணக்கில் ஜூன் மாதத்தின் முதல் பத்து நாள் வரை நீளும். ஆகவே அவருக்கு மே என்பது கோடையின் வாசற்படி.

கவிதையின் நடையைக் கவனித்தால் ஒரு விநோதம் தெரியும். ஒப்பிடட்டுமா என்று அனுமதி கேட்டுவிட்டு, அடுத்த ஏழு வரிகளில் அந்த ஒப்புமை ஏன் செல்லாது என்பதையே பேசுபவர் விளக்குகிறார். காற்று, குறுகிய காலம், மிகுவெப்பம், மேகம் என்று கோடையின் குறைகளைச் சொல்லிக்கொண்டே போய், அழகுள்ள எல்லாவற்றுக்கும் இதே கதிதான் என்ற பொதுவிதியில் வந்து முட்டுகிறார். ஒன்பதாம் வரி "ஆனால்" என்று தொடங்குகிறது. வடிவம் சரேயினுடையதாக இருந்தாலும், திருப்பம் விழும் இடம் பெட்ரார்க்கினுடையது. அதைவிட முக்கியமானது, இந்தக் கவிதை எதை வர்ணிக்கவில்லை என்பது. கண், கூந்தல், குரல், நடை எதுவும் இதில் இல்லை. புகழப்படுபவருக்குக் கிடைப்பவை அழகு, மிதம் என்னும் இரண்டு அடைகள் மட்டுமே. மற்ற வர்ணனையெல்லாம் கோடைக்கே போகிறது. இறுதி ஈரடியில் நிற்பதும் அவரல்ல. "இது" என்று இரண்டு முறை சுட்டப்படுவது இந்தக் கவிதை. என் கணிப்பில் இது ஒரு மனிதரைப் பற்றிய பாட்டு என்பதைவிடக் கவிதையின் ஆற்றலைப் பற்றிய பாட்டு என்பதே பொருத்தம். அந்த ஆற்றலைப் பற்றிய உறுதி இத்தனை அழுத்தமாக ஏன் இங்கே வந்து விழுகிறது என்ற கேள்விக்குத் தனிக்கவிதையில் விடை கிடையாது. குத்தகை, தவணை, உடைமை, சொந்தம் என்று நிலப் பத்திரத்தின் சொற்கள் காதல் கவிதைக்குள் எப்படி வந்தன என்பதற்கும் விடை கிடையாது. இரண்டுக்கும் வரிசையில்தான் விடை இருக்கிறது.

சானெட் வரிசை என்பது என்ன? ஒரே குரல், பெரும்பாலும் ஒரே ஆளை நோக்கி, பல சானெட்டுகளில் தொடர்ந்து பேசும் அமைப்பு அது. முன்னோடி இதிலும் பெட்ரார்க்கே. 1327 ஏப்ரல் 6 அன்று அவிஞ்ஞோன் நகரத் தேவாலயம் ஒன்றில் லாரா என்ற பெண்ணைக் கண்டதாக எழுதிய அவர், அவளை மையமாக வைத்து 366 கவிதைகளைத் தொகுத்தார். அவற்றுள் 317 சானெட்டுகள். இங்கிலாந்தில் இந்த மோகம் பற்றியெரிந்தது 1590களில். போரில் பட்ட காயத்தால் 1586இல் இறந்துபோன பிலிப் சிட்னியின் சானெட் வரிசை 1591இல் அச்சானது; அதற்குப் பின் சாமுவேல் டேனியல், மைக்கேல் டிரேட்டன், எட்மண்ட் ஸ்பென்சர் என்று ஒருவர் பின் ஒருவராக வரிசைகளை வெளியிட்டார்கள். இவற்றில் தொடர்கதையைத் தேடக் கூடாது. ஒரு சானெட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நடந்தது சொல்லப்படுவதில்லை; நிகழ்ச்சிகளை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வந்தே தீரும். இங்கே அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. இணைப்பு இருந்தால் அது பொருளாலோ, உருவகத்தாலோ, திரும்ப வரும் ஒரு சொல்லாலோ ஏற்படுவது.

ஷேக்ஸ்பியரின் வரிசை இந்த மோகம் தணிந்த பிறகு, 1609இல், தாமஸ் தார்ப் வெளியிட, ஜார்ஜ் எல்டின் அச்சகத்தில் அச்சாகி வந்தது. அதற்கு முன்பே அவர் சானெட்டுகள் எழுதிக்கொண்டிருந்தார் என்பதற்குச் சான்று உண்டு: அவருடைய சானெட்டுகள் அந்தரங்க நண்பர்களிடையே உலவுவதாக 1598இல் பிரான்சிஸ் மெரெஸ் என்ற எழுத்தாளர் குறிப்பிட்டார், அடுத்த ஆண்டே இரண்டு சானெட்டுகள் வேறொரு தொகுப்பில் அச்சேறின. 1609 நூலின் போக்கை மேலோட்டமாகச் சொன்னால், முதல் 126 கவிதைகள் பெரும்பாலும் அழகும் உயர்குடிப் பிறப்பும் உள்ள ஓர் இளைஞனைச் சுற்றியும், 127 முதல் 152 வரை கருவிழியும் கருங்கூந்தலும் கொண்ட ஒரு பெண்ணைச் சுற்றியும் அமைகின்றன. கடைசி இரண்டும் காமதேவன் கியூபிட்டைப் பற்றியவை. பெண்ணை எட்டாத உயரத்தில் வைத்துப் பாடிய பெட்ரார்க்கின் மரபில், முதலிடத்தை ஓர் இளைஞனுக்குக் கொடுத்தது அந்நாளில் அரிது.

அந்த இளைஞனிடம் முதல் பதினேழு சானெட்டுகளும் கேட்பது ஒன்றே ஒன்று: திருமணம் செய்துகொள், பிள்ளை பெற்றுக்கொள். காதல் வரிசையின் தொடக்கத்தில் இப்படி ஒரு வேண்டுகோளை எந்த வாசகரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். திருமணத்தை வலியுறுத்தி ஓர் இளைஞனுக்கு டச்சு அறிஞர் எராஸ்மஸ் எழுதிய மாதிரிக் கடிதம் ஒன்று, தாமஸ் வில்சனின் 1553ஆம் ஆண்டுச் சொற்கலை நூலில் ஆங்கிலத்தில் இடம்பெற்றிருந்தது. ஷேக்ஸ்பியரின் வாதங்கள் பலவற்றுக்கு அதுவே மூலம் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். மிக அழகானவற்றிலிருந்து நாம் பெருக்கத்தை விரும்புகிறோம், அப்போதுதான் அழகின் ரோஜா மாண்டுபோகாது என்று முதல் சானெட் தொடங்குகிறது. மூன்றாவதில் அந்த இளைஞன் தன் தாய்க்குக் கண்ணாடி. அவனைப் பார்க்கும்போது அவளுக்குத் தன் இளவேனில் திரும்பக் கிடைக்கிறது, அவனுக்கும் அப்படி ஒரு கண்ணாடி வேண்டாமா? நான்காவதில் இயற்கை எதையும் தானமாகக் கொடுப்பதில்லை, கடனாகவே கொடுக்கிறது. அந்தக் கடனைப் பெருக்காமல் உண்டு தீர்ப்பவன் கணக்கு காட்ட முடியாமல் போவான். எட்டாவதில் யாழின் நரம்புகள் கணவன், மனைவி, குழந்தை போல ஒன்றோடொன்று இசைந்து, தனியனாய் நீ ஒன்றுமில்லை என்று அவனிடம் பாடுகின்றன. பேசுபவர் "நான்" என்ற சொல்லைப் பத்தாவது சானெட்டில்தான் முதன்முறை பயன்படுத்துகிறார். அதுவரை பொதுநலம் பேசும் பெரியவரைப் போல ஒலித்த குரலில், என்மீதுள்ள அன்புக்காகவாவது இதைச் செய் என்ற நெருக்கம் அங்கே நுழைகிறது. பதினேழும் ஒரே பல்லவி என்றாலும், குரல் சிறிது சிறிதாக இடம் மாறிக்கொண்டிருப்பதற்கு இது முதல் அடையாளம்.

இந்தப் பதினேழில் பதினெட்டாவதற்குத் தேவையான சரக்கெல்லாம் ஏற்கெனவே சேர்ந்துவிடுகிறது. ஐந்தாவது சானெட்டில் கோடையைக் குளிர்காலத்துக்கு இட்டுச் சென்று அழிக்கிறது காலம். மலர்களிலிருந்து வடித்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்த பன்னீர் மட்டும் தப்பிக்கிறது. ஆறாவது அதன் தொடர்ச்சி: உன்னை வடித்தெடுப்பதற்கு முன் உன் கோடையைக் குளிர்காலத்தின் கரடுமுரடான கை சிதைக்க விடாதே. பன்னீர் என்பது பிள்ளை. பன்னிரண்டாவதில் பேசுபவர் கடிகாரத்தின் மணியை எண்ணுகிறார். பன்னிரண்டு மணிநேரக் கடிகாரம் பன்னிரண்டாம் எண்ணில் வருவது தற்செயலாக இருக்க முடியாது. நிமிடங்கள் ஓடுவதைப் பேசும் சானெட்டின் எண் 60 என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்ணம் வலுப்படும். அந்தப் பன்னிரண்டாவது, காலத்தின் அரிவாளுக்கு எதிராகச் சந்ததியைத் தவிர வேறு காப்பு எதுவும் இல்லை என்று திட்டவட்டமாக முடிகிறது. பதின்மூன்றாவதோ, நீ குத்தகைக்கு வைத்திருக்கும் அந்த அழகு தவணை முடியாமல் இருக்க வேண்டுமானால் வாரிசு வேண்டும் என்கிறது. பதினெட்டில் நாம் கண்ட குத்தகைச் சொல் இங்கிருந்து வருகிறது. நிலமும் வீடும் பெயரும் மகனுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நிலைக்கும் என்பது உயர்குடி வாழ்வின் கணக்கு. அந்தக் கணக்கின் மொழியிலேயே அழகையும் பேசியிருக்கிறார் கவிஞர்.

திருப்பம் பதினைந்தில் தொடங்குகிறது. அதில் பிள்ளையைப் பற்றிய பேச்சே இல்லை. உனக்காகக் காலத்தோடு போர் தொடுத்திருக்கிறேன், அது உன்னிடமிருந்து எடுக்க எடுக்க நான் உன்னைப் புதிதாக ஒட்டுக்கட்டுகிறேன் என்று பேசுபவர் சொல்கிறார். மரத்தில் கிளையை ஒட்டுக்கட்டும் தோட்ட வேலைதான் உருவகம். ஒட்டுக்கட்டும் கருவி அவருடைய எழுத்து. பிள்ளையைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லி மூன்று சானெட்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் வேறு வழி ஒன்று தலைகாட்டிவிட்டது. ஆனால் பதினாறாவது உடனே "ஆனால்" என்று தொடங்கி அதைப் பின்வாங்குகிறது: இந்தக் கொடுங்கோலன் காலத்தை எதிர்க்க இதைவிட வலிமையான வழியை நீ ஏன் தேடக் கூடாது, என் மலட்டுச் செய்யுளைவிடப் பேறு பெற்ற வழி உனக்கு உண்டே? மலடு என்ற சொல்லைத் தன் கவிதைக்கே சூட்டிக்கொள்கிறார். பதினேழாவது இன்னும் கீழே இறங்குகிறது. எதிர்காலத்தில் என் செய்யுளை யார் நம்புவார்கள்? இது உன் உயிரை மறைக்கும் கல்லறை, உன் சிறப்பில் பாதியைக்கூடக் காட்டாதது. பழுப்பேறிய என் தாள்களைப் பார்த்து இந்தக் கவிஞன் பொய் சொல்கிறான் என்று சிரிப்பார்கள். அப்போது உன் பிள்ளை ஒன்று உயிரோடு இருந்தால் நீ இரு முறை வாழ்வாய், அதிலும் என் செய்யுளிலும். இதில் பிள்ளை, கவிதைக்குச் சாட்சி சொல்லும் நிலைக்கு வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். கேட்பது பிள்ளையைத்தான், கவலையோ கவிதையைப் பற்றியது.

இந்தக் கல்லறைக்கு அடுத்த பக்கத்தில்தான் "உன்னை ஒரு கோடைநாளுக்கு ஒப்பிடட்டுமா?" என்ற கேள்வி வருகிறது. பிள்ளை இல்லை, திருமணம் இல்லை, வேண்டுகோளே இல்லை. ஆறாவதில் குளிர்காலம் சிதைக்கவிருந்த கோடை இங்கே வாடாத கோடை. பதின்மூன்றில் குத்தகையாக இருந்த அழகு இங்கே சொந்த உடைமை. குத்தகையாளர் இப்போது கோடையே. பதினேழில் உயிரை மறைத்த கல்லறையாக இருந்த செய்யுள் இங்கே உயிர் தருவது. பதினாறில் "லைன்ஸ்" என்ற சொல் வம்சத்தின் வழிகளைக் குறித்து, உயிரை உயிரால் புதுப்பிக்கும் வழிகள் என்ற பொருளில் வந்தது. பதினெட்டில் அதே சொல் கவிதையின் வரிகளாகிவிடுகிறது. அந்த வரிகளில் காலத்தோடு நீ வளர்வாய் என்பதில் பதினைந்தின் ஒட்டுக்கட்டலும் சேர்ந்து ஒலிக்கிறது. பிள்ளைக்காகச் சேர்த்து வைத்த சொற்கள் அனைத்தையும் எடுத்துக் கவிதைக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளையை மட்டும் வெளியே விட்டுவிட்டார். பதினேழு பாட்டுக்களாக அவனை வற்புறுத்தியவர், அவன் சம்மதித்தானா மறுத்தானா என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாமலேயே வேறு மருந்தை எடுத்து நீட்டுகிறார். இந்தப் பின்புலத்தோடு கேட்டால், கவிதையின் கடைசி ஈரடியில் ஒலிக்கும் உறுதி வெறும் பெருமிதம் அல்ல. முந்தைய நாள் வரை தன்னையே மலடு என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் எதிர்க்குரல்.

அந்த உறுதி நிலைத்ததா என்றால், அடுத்த சானெட்டிலேயே தடுமாற்றம் தெரிகிறது. பத்தொன்பதாவது இளைஞனை விட்டுவிட்டு நேரடியாகக் காலத்தை அழைக்கிறது: சிங்கத்தின் நகத்தை மழுக்கு, புலியின் பல்லைப் பிடுங்கு, எது வேண்டுமானாலும் செய், என் அன்புக்குரியவனின் நெற்றியில் மட்டும் உன் பழைய பேனாவால் கோடு கிழிக்காதே. மூன்றாம் முறையாக அதே "லைன்ஸ்", இம்முறை சுருக்கங்களாக. வம்சம், கவிதை வரி, முகச் சுருக்கம் என்று நான்கு கவிதைகளுக்குள் ஒரு சொல் மூன்று வேடம் போடுகிறது. மரணம் பீற்றிக்கொள்ள முடியாது என்று சொன்னவர் இங்கே கெஞ்சுகிறார். கெஞ்சி முடித்து, நீ என்ன செய்தாலும் என் செய்யுளில் அவன் என்றும் இளையவன் என்று சவாலும் விடுகிறார். கவிதை சாவை வெல்லும் என்ற இந்தக் கருத்து ஷேக்ஸ்பியரின் கண்டுபிடிப்பு அல்ல. ரோமானியக் கவிகள் ஹொரேசும் ஓவிடும் சொன்னதுதான். அவர்கள் வாழ வைக்க விரும்பியது பெரும்பாலும் தம்மை. இவர் வாழ வைக்க விரும்புவது இன்னொருவரை. 55ஆவது சானெட்டில் அந்தக் கருத்து பளிங்கையும் பொன்முலாம் பூசிய நினைவுச் சின்னங்களையும் விஞ்சுகிறது. 65ஆவதில், கறுப்பு மையில் என் அன்பு ஒளிரக்கூடும் என்ற ஐயம் கலந்த நம்பிக்கையாகச் சுருங்குகிறது.

கோடையும் சூரியனும்கூடத் திரும்ப வருகின்றன, ஆனால் வேறு முகத்தோடு. பதினெட்டில் பொன்முகம் மங்குவது வானத்துச் சூரியனுக்குரிய குறை. இளைஞனுக்கு அந்தக் குறை இல்லை. 33ஆவது சானெட்டில் மேகம் மூடிய சூரியன் அந்த இளைஞனேதான். ஏதோ ஒரு தவறு நடந்திருக்கிறது. வானத்துச் சூரியனுக்கே கறை படியும்போது மண்ணுலகச் சூரியர்களுக்குப் படியாதா என்று பேசுபவர் தன்னைத் தேற்றிக்கொள்கிறார். மிதமானவன் என்று புகழப்பட்டவன் மிதம் தவறியவனாகிறான். 130ஆவதில், என் காதலியின் கண்கள் சூரியனைப் போல இல்லவே இல்லை என்று அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி, ஒப்பிட்டுப் புகழும் வழக்கத்தையே கேலி செய்கிறார். பதினெட்டில் ஒப்புமை தோற்றது புகழப்படுபவர் மிக உயர்ந்தவர் என்பதால். இங்கே தோற்பது அவள் சாதாரண மனுஷி என்பதால். ஆனாலும் பொய்யான ஒப்புமைகளால் புகழப்பட்ட எவளுக்கும் அவள் குறைந்தவள் அல்ல என்று அது முடிகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பதுபோல் ருசியான பயிற்சி வேறில்லை.

இவ்வளவும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: 1609 நூலின் வரிசை ஷேக்ஸ்பியர் வகுத்ததுதான் என்ற நம்பிக்கை. தார்ப் இந்தக் கவிதைகளை ஆசிரியரின் சம்மதத்தோடு பெற்றாரா என்பது நெடுநாளாக நடக்கும் விவாதம். நூலின் காணிக்கைப் பக்கத்தில் உள்ள "டபிள்யூ. எச்." யார் என்ற புதிரும் தீரவில்லை; சவுத்தாம்ப்டன் பிரபு ஹென்றி ரியத்ஸ்லியையும் பெம்புரோக் பிரபு வில்லியம் ஹெர்பர்ட்டையும் சுட்டி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம், கவிதையை வாசிக்க அவை அதிகம் உதவுவதில்லை. ஆனால் ஐந்தும் ஆறும், பதினைந்தும் பதினாறும் இலக்கணத்தாலேயே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. முதல் பதினேழு ஒரே பொருளில் திரண்டு நிற்கின்றன. எண்களோடு விளையாட்டும் இருக்கிறது. தொடக்கப் பகுதியின் ஒழுங்கு ஓர் அச்சகத்தார் குலுக்கிப் போட்ட சீட்டு அல்ல என்பதற்கு இவை போதும் என்று நினைக்கிறேன். நூலின் பிற்பகுதிகளைப் பற்றி இத்தனை உறுதியோடு பேச இயலாது.

வரிசை கலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1640இல் ஜான் பென்சன் என்ற பதிப்பாளர் இந்தச் சானெட்டுகளை இடம் மாற்றி, பலவற்றை ஒன்றாக இணைத்து, தலைப்புகள் சூட்டி, சில இடங்களில் ஆணைக் குறித்த சொற்களைப் பெண்ணைக் குறிப்பனவாக மாற்றி வெளியிட்டார். எட்டு சானெட்டுகளை விட்டும்விட்டார். அவற்றுள் பதினெட்டாவதும் பத்தொன்பதாவதும் அடக்கம். 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மறுபதிப்புகள் பலவும் பென்சனையே பின்பற்றியதால், இன்று உலகமே அறிந்த இந்தக் கவிதை அந்நாளைய வாசகர் பலரின் கையில் இருந்த நூலில் இல்லவே இல்லை. 1780இல் எட்மண்ட் மலோன் என்ற ஆய்வாளர் 1609 நூலுக்குத் திரும்பி, அதன் பாடத்தையும் வரிசையையும் குறிப்புரையோடு மீட்டுக் கொடுத்தார். 126க்கும் 127க்கும் நடுவே கோடு போட்டு, இளைஞன், பெண் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தையும் நிலைநிறுத்தியவர் அவரே.

அந்தப் பிரிவினையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பதினெட்டாவது சானெட்டின் பதினான்கு வரிகளில், அழைக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்று காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. நீ, உன் என்பவையே உள்ளன. அவனை இளைஞன் என்று நாம் சொல்வது அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான். உனக்குத் தந்தை இருந்தார், அதையே உன் மகனும் சொல்லட்டும் என்று பதின்மூன்றாவது பேசுகிறது; பத்தொன்பதாவது "அவன்" என்கிறது. திருமண விழாவில் மணமகளை நோக்கி இதை வாசிப்பவர் கவிதையின் சொற்களை மீறவில்லை. அதன் இடத்தை மட்டுமே மறந்திருக்கிறார். வரிசையில் வைத்து வாசிப்பவரும், இது கட்டாயம் அதே இளைஞன்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. இன்னொன்றும் உண்டு. இத்தனை உறுதியோடு என்றென்றும் வாழ வைப்பதாக வாக்களிக்கும் இந்த வரிசை முழுவதிலும் அவனுடைய பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. உன் பெயர் இதனால் சாகாத வாழ்வு பெறும் என்று 81ஆவது சானெட் சொல்லும்போதும் பெயரைச் சொல்லவில்லை. வாழ்ந்துகொண்டிருப்பது கவிதைதான், ஈரடியில் சொன்னபடியே.

புதிதாக வாசிக்கப் போகிறவர்கள் 154ஐயும் முதலிலிருந்து அடுக்காக வாசிக்க வேண்டியதில்லை. அப்படி முயன்றால் எட்டாவதுக்குள் சலிப்பு தட்டிவிடும். சொற்பொருளும் குறிப்பும் உள்ள பதிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு முதலில் பன்னிரண்டாவதை வாசிக்கலாம். பிறகு பதினைந்து முதல் பத்தொன்பது வரை ஐந்தையும் இடைவெளி இல்லாமல், முடிந்தால் வாய்விட்டு வாசிப்பது நல்லது. பதினாறின் "ஆனால்", பதினெட்டின் "ஆனால்" இரண்டும் எதை எதிர்த்து வருகின்றன என்பது அப்போது காதுக்கே புலப்படும். அதன் பின் 33, 55, 65, 130 ஆகியவற்றுக்குப் போகலாம்.